ரயிலடியில் அவன் சொன்ன போல்ட்

என் மக்களே,

போன வாரம் ஒரு சாயங்காலம் நீங்கள் மூன்று பேரும் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தீர்கள். பெரியவள் இங்கிலீஷ் பாடத்தில் ஒரு வரியில் சிக்கிக்கொண்டு நின்றாள். இடிச் சத்தம் கேட்டதும் குதிரை போல்ட் ஆனது என்று அந்த வரியில் இருந்ததாம்.

"குதிரைய உள்ள விட்டுத் தாழ்ப்பாள் போட்டுட்டாவ" என்றான் நடுவுள்ளவன்.

"இல்ல, குதிரைக்குப் போல்ட்டு முடுக்கியிருக்காவ. எங்கன முடுக்குவாவ, வாலுலயா?" என்றான் சின்னவன்.

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நான் கொல்லையில் மண்ணெண்ணெய் போட்டுக் கையிலிருந்த கிரீஸைக் கழுவிக்கொண்டிருந்தேன். அங்கிருந்தே சொன்னேன்: "அது இல்ல மக்கா. குதிரை மிரண்டு பிச்சுக்கிட்டு ஓடிப்போச்சுன்னு அர்த்தம்."

சிரிப்பு நின்றுவிட்டது. பெரியவள் அகராதியைப் புரட்டினாள். "அப்பா சரியாத்தான் சொல்லுதாவ" என்றாள், நம்ப முடியாத குரலில். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். உங்கள் பள்ளிக்கூடத்துத் தாளில் தமிழில் கையெழுத்துப் போடுகிறவன். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். "ஒர்க்‌ஷாப்ல படிச்சது" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன்.

அது பாதிப் பதில்தான். மீதியை எழுதித் தருகிறேன். வாயால் சொன்னால் நடுவில் எனக்குக் கோபம் வந்துவிடும். எழுதினால், கோபம் வரும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். உங்கள் அத்தையிடமும் கேட்டுவிட்டேன். "எழுது, எனக்கென்ன. ஆனா யார் பேரும் போடாத" என்றாள். அதனால் இதில் யார் பேரும் கிடையாது.

எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்திய கதை இது. அப்போது எங்கள் ஒர்க்‌ஷாப் திருவேங்கடம் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தது. ஆயில் எஞ்சினும் பம்புசெட்டும் பழுது பார்ப்போம். கரிசல் காட்டுச் சம்சாரிகள் கிணற்றில் நீர் இருக்கும் மாதங்களில் மட்டும் வருவார்கள். புளியங்குடி எலுமிச்சைத் தோட்டக்காரர்கள் வருஷம் முழுவதும் வருவார்கள். அவர்கள் கொண்டுவரும் எஞ்சினில் டீசல் நாற்றத்துக்கு மேலே எலுமிச்சை வாசம் அடிக்கும்.

அங்கே என்னோடு வேலை பார்த்தவன் ஒருவன் இருந்தான். என் வயதுதான். கரிவலம்வந்தநல்லூர்க்காரன். பாளையங்கோட்டையில் பி.யூ.சி. வரைக்கும் போய், பரீட்சையில் தவறி, ஸ்பானரைப் பிடித்தவன். கை சுத்தமான வேலைக்காரன். அதைவிட, வாய் நல்ல வாய். ரேடியோவில் இங்கிலீஷில் கிரிக்கெட் சொல்வதைக் கேட்டும், திருநெல்வேலியில் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த துப்பறியும் கதைகளை வாங்கிப் படித்தும், எங்கள் யாருக்கும் தெரியாத ஒரு இங்கிலீஷை அவன் சேர்த்து வைத்திருந்தான். டீ குடிக்கும் நேரத்தில் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பான்.

"ஏலே, ஓடுததுக்கு இங்கிலீஷ்ல என்ன?"

"ரன்."

"அது பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்கு. வெள்ளக்காரன் வீட்டுல பேசும்போது அப்பிடிச் சொல்ல மாட்டான். பெல்ட்டும்பான்."

எஞ்சினுக்கும் பம்புக்கும் நடுவில் சுற்றிக்கொண்டிருந்த பெல்ட்டை நான் காட்டினேன். "இதுவா?"

"அதே பேருதான். பெல்ட்டடிச்சுப் போனான்னா கண்ணு மண்ணு தெரியாம ஓடுனான்னு அர்த்தம்."

"புளுகாதல. பெல்ட்டு எங்க ஓடுது? கெடந்த எடத்துலயே சுத்துது."

"இன்னும் கேளு. ஜிப்புன்னா சர்ருன்னு போறது. நிப்புன்னா பக்கத்துல எங்கனயாவது போயிட்டு உடனே வாரது."

"பேனா நிப்பா?"

"கேக்கதுக்கு அப்பிடித்தான் இருக்கும். லெக்குன்னா காலு மட்டும் இல்ல, தப்பிச்சு ஓடுததும் அதுதான். டேர்ன்னா கிழிக்கது. ரோட்டக் கிழிச்சுக்கிட்டுப் போறதுக்கும் அதான் சொல்லு."

"அத நாமளும் சொல்லுவோமே, பிச்சுக்கிட்டுப் போனான்னு."

"பாத்தியா, உனக்குள்ளயும் ஒரு வெள்ளக்காரன் இருக்கான்" என்று என் முதுகில் கிரீஸ் கையால் ஒரு தட்டுத் தட்டினான்.

எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது. இங்கிலீஷ்காரன் ஓடுவதற்கு வைத்திருக்கும் சொல்லெல்லாம் நம் ஊரில் ஓடாத சாமான்களாக இருந்தன. பெல்ட் இடுப்பில் கிடக்கும். ஜிப் பையில் கிடக்கும். நிப் பேனாவில் கிடக்கும். ஆனால் அவன் வாயில் அதெல்லாம் கால் முளைத்து ஓடின. நாங்கள் அந்தச் சொற்களை ஒர்க்‌ஷாப்பில் புழக்கத்தில் விட்டோம். "நிப்படிச்சு ரெண்டு டீ சொல்லிட்டு வா" என்பான் அவன். "பெல்ட்டடிச்சு வாரேன்" என்பேன் நான். முதலாளிக்கு எரிச்சல். "ரெண்டு பேரும் இங்கிலீஷ் பேசிப் பேசி எஞ்சினு எல்லாம் சீமைக்கு ஓடிரப் போவுது வே" என்பார்.

ஒரு நாள் நானாக ஒரு சந்தேகம் கேட்டேன். ஒரு தோட்டக்காரர் கிணறு வெட்ட ஆள் பிடித்திருந்தார். பாதிக் கிணற்றில் அந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். அதைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு கேட்டேன்: "ஏலே, கம்பி நீட்டிட்டான்னு சொல்லுதோம்லா, அதுக்கு இங்கிலீஷ்ல என்ன?"

அவன் அப்போது மண்ணெண்ணெய்த் தட்டில் கையை விட்டு போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் யோசித்தான். சிரித்தான். "அதுக்கு ஒரு நல்ல சொல்லு இருக்குல. இரு, சொல்லுதேன்" என்றான். அதற்குள் முதலாளி கூப்பிட்டார், போய்விட்டான். நானும் மறந்துபோனேன்.

அந்த வருஷம் தீபாவளிக்கு அவன் நம் வீட்டுக்கு வந்தான். உங்கள் தாத்தா தவறி அப்போது கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வீட்டில் உங்கள் ஆச்சி, நான், அத்தை மூன்று பேர்தான். அத்தை பத்தாவது பாஸ் பண்ணிவிட்டு டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தாள். அவன் முறுக்கைத் தின்றுகொண்டே அவளிடம், "இன்ஸ்டிட்யூட்ல எத்தன மெஷின் இருக்கு?" என்று மட்டும் கேட்டான். அவள் பதில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் ஒர்க்‌ஷாப்பில், எஞ்சினுக்கு அடியில் படுத்துக்கொண்டே சொன்னான்:

"உன் தங்கச்சிய நான் கட்டிக்கிடுதேன்ல. உனக்குச் சம்மதமா?"

"எந்திரிச்சு வெளிய வந்து கேளு."

வந்தான். முகமெல்லாம் கரி. அதே கேள்வியைக் கேட்டான். அப்பா இல்லாத வீட்டில் தங்கையை ஒருவன் கையில் கொடுக்க வேண்டுமே என்று நான் பட்ட பாட்டை யாரிடமும் சொன்னதில்லை. அவனிடம் மட்டும் சொல்லியிருந்தேன். முறை பார்த்தோம், ஒத்து வந்தது.

உங்கள் அத்தையிடம் கேட்டேன். "ஏட்டி, உனக்குப் பிரியமா?"

"டைப்ரைட்டிங்க நிப்பாட்டச் சொல்லுவாவளா?"

"படிக்கட்டும்னு அவனே சொல்லிட்டான்."

"அப்ப சரி" என்றாள். சரி என்பதை அவள் சொன்ன விதத்தில் நிறையச் சந்தோஷம் இருந்தது. அன்றைக்குச் சோற்றில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டாள்.

கரிவலத்திலிருந்து அவனுடைய அம்மாவும் சொந்தக்காரர்கள் கொஞ்சம் பேரும் வந்தார்கள். வெற்றிலை பாக்கு மாற்றினோம். எல்லாம் முடிந்து காப்பி குடிக்கும்போது அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சாமானை எடுத்து என் கையில் வைத்தான். அரை இஞ்ச் போல்ட் ஒன்று. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வெள்ளி மாதிரி பளபளவென்று ஆக்கியிருந்தான். அதில் நட்டை ஏற்றி இறுக்க முடுக்கியிருந்தான்.

"வெத்தல பாக்கு பெரியாளுக மாத்திக்கிடட்டும் மச்சான். இது நமக்கு. போல்ட்டு போட்டாச்சு. இனி கழலாது."

முதல் தடவையாக அன்றைக்குத்தான் என்னை மச்சான் என்றான். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். உங்கள் ஆச்சி, "தாம்பூலத்துல இரும்பக் கொண்டாந்து வைக்கானே" என்று மனசுக்குள் சங்கடப்பட்டாளாம், பிறகு சொன்னாள். நான் அந்தப் போல்ட்டை ஒர்க்‌ஷாப்பில் என் சட்டை மாட்டும் ஆணிக்கு மேலே இருந்த பலகையில் வைத்துக்கொண்டேன். அதிலிருந்து எங்களுக்குள் போல்ட் என்றால் உறுதி என்று ஆகிவிட்டது. "நாளைக்கு எஞ்சின் ஆயிருமா?" என்று தோட்டக்காரர் கேட்டால், "போல்ட்டு அண்ணாச்சி" என்போம். அவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆனி மாதத்தில் அவனுக்குப் பம்பாயில் ஒரு கம்பெனியில் வேலை என்று ஆள் சொல்லி வந்தது. போய்ச் சேர்ந்து நிலைப்படுத்திக்கொண்டு தை மாதம் வந்து தாலி கட்டுவது என்று பேச்சு. நான்தான் அவனை ரயிலடிக்குக் கூட்டிப் போனேன். அவன் டிரங்குப் பெட்டியை என் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். வழியெல்லாம் நான்தான் பேசினேன். கல்யாணத்துக்கு யார் யாரைச் சொல்ல வேண்டும், சமையலுக்கு யார், இப்படி. அவன் ம், ம் என்று வந்தான். ஊரை விட்டுப் போகிற வருத்தம் என்று நினைத்தேன்.

வண்டி நகர்ந்தது. அவன் வாசலில் கம்பியைப் பிடித்து நின்றான். நான் கூடவே நடந்தேன். அப்போதுதான் சொன்னான்.

"மச்சான், ஐ ஆம் போல்ட்டிங்."

"என்னது?"

"போல்ட்டிங், மச்சான். போல்ட்டிங்."

எனக்கு ஒரே குதூகலம். சிரித்துக்கொண்டே கையை உயர்த்தி, நட்டு முடுக்குவது மாதிரி மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினேன். அவன் சிரிக்கவில்லை. என் கையையே பார்த்தான். பிறகு உள்ளே போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன். "போகும்போது கூட போல்ட்டுன்னு சொல்லிட்டுத்தான் போனான், அதுவும் ரெண்டு மூணு தடவ."

ரசம் ஊற்ற வந்த அத்தை கரண்டியோடு நின்றாள். "எப்பிடிச் சொன்னாவ? சரியாச் சொல்லு."

"ஐ ஆம் போல்ட்டிங்ன்னான்."

"போல்ட்டுன்னா, போல்ட்டிங்னா?"

"ரெண்டும் ஒண்ணுதானட்டி."

"ம்" என்று ரசத்தை ஊற்றினாள்.

சேர்ந்த விவரத்துக்கு ஒரு கார்டு வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. ஆடித் தபசுத் திருவிழாவுக்கு ஊர் நிறைந்த கூட்டம் வந்து போயிற்று. தபசுக்குக் கார்டு போடுவான் என்று நினைத்தேன். ஆவணி, புரட்டாசி போயின. உங்கள் ஆச்சி தினமும் ஆரம்பிப்பாள்.

"எய்யா, ஒரு காயிதம் போட்டுக் கேக்கப்பிடாதா?"

"என்னன்னு கேக்க? போல்ட்டுன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். இனி கேட்டா, மச்சான் நம்ம நம்பலன்னு நினைப்பான்."

"கரிவலத்துக்காவது ஒரு எட்டுப் போயி..."

"அங்க போனாலும் அவன் காதுக்குப் போவும். சும்மா இரும்மா."

ஐப்பசியில் புளியங்குடியிலிருந்து ஒரு இடம் வந்தது. நல்ல குடும்பம், எலுமிச்சை வியாபாரம். ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற ஒரு அண்ணாச்சிதான் கொண்டுவந்தார். "பையன் தங்கமான பையன் வே. உங்க மாப்பிள்ள பக்கம் சத்தத்தையே காணோமேன்னுதான் கேட்டேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "எங்க பக்கம் போல்ட்டு போட்டது அண்ணாச்சி, கழலாது" என்று அனுப்பிவிட்டேன். அதை வீட்டிலும் வந்து பெருமையாகச் சொன்னேன். உங்கள் அத்தை அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். தை மாதத்துக்கு என்று நானே இரண்டு ஞாயிற்றுக்கிழமை இருந்து வீட்டுக்கு வெள்ளையடித்தேன்.

கார்த்திகையில் என் தாய்மாமா முகூர்த்தம் பார்க்க வந்தார். நல்ல மனுஷன், ஆனால் வாய் சும்மா இராது.

"ஏலே மருமவனே, மாப்பிள்ளகிட்டயிருந்து சேதி உண்டா?"

"சேதி என்ன மாமா சேதி. போல்ட்டுன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்."

"அது என்னல போல்ட்டு?"

"போல்ட்டுன்னா உறுதி. முடுக்கியாச்சு. அவன் இங்கிலீஷ்லயே சொன்னான், ஐ ஆம் போல்ட்டிங்ன்னு."

"போல்ட்டுன்னா நம்ம வண்டியச்சுல இருக்கது. மாப்பிள்ள எப்பிடில போல்ட்டா இருப்பான்? நீ என்ன நட்டா?" என்று மாமா சிரித்தார்.

அப்போது அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு அத்தை வந்து நின்றாள்.

"அண்ணே, இனிமே அந்தச் சொல்லச் சொல்லாத."

"ஏன்?"

"அதுக்கு அர்த்தம் அது இல்ல."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"இன்ஸ்டிட்யூட்ல பெரிய டிக்ஷனரி கெடக்கு. பாத்தேன். ஒரு ஆளு நான் போல்ட் ஆவுதேன்னு சொன்னா, ஓடிப்போறேன்னு அர்த்தம். கயித்த அத்துக்கிட்டு குதிரை ஓடும்லா, அந்த ஓட்டம்."

மாமா வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார்.

"எப்பட்டி பாத்த?"

"நீ ரயிலடியிலேர்ந்து வந்து சொன்னல்லா, அதுக்கு மறுநாளு."

"ஆனியிலயா? இத்தன மாசமா ஏன் வாயத் தெறக்கல?"

அவள் சொன்ன பதிலை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. "அதுல ரெண்டு அர்த்தம் போட்டிருந்துச்சு அண்ணே. நீ சொன்னதும் இருந்துச்சு, தாழ்ப்பாள் போடுதது, முடுக்குதது எல்லாம். இதுவும் இருந்துச்சு. எது நெசம்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

உங்கள் ஆச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாமாதான் முதலில் தேறினார். "அகராதில ஆயிரம் இருக்கும்ட்டி. கரிவலத்துக்குப் போயி அவன் ஆத்தாவக் கேட்டா தெரிஞ்சிட்டுப் போவுது" என்றார்.

மறுநாளே பஸ் ஏறினேன். வழியெல்லாம் அகராதியைத்தான் திட்டிக்கொண்டு போனேன், அவனை இல்லை. இங்கிலீஷ் பேசுகிறவன் ஆயிரம் விதமாகப் பேசுவான், டைப் அடிக்கிற பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். போல்ட்டைக் கையில் கொடுத்தவன் வேறு எந்த அர்த்தத்தில் சொல்லியிருப்பான்?

அவனுடைய அம்மா முற்றத்தில் மிளகாய் வற்றலைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து சேலையை உதறினாள். முகத்தில் பயமும் இல்லை, கள்ளமும் இல்லை. அதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது.

"வாங்கய்யா, வாங்க. நீங்க வருவியன்னே நினைக்கல. எம்புட்டுப் பெரிய மனசு உங்களுக்கு."

"என்ன பெரியம்மா சொல்லுதிய?"

"கோவமா வந்து சண்ட போடாம இத்தன மாசம் பொறுத்துக்கிட்டு இருந்தியளே. தங்கச்சிக்கு வேற எடம் அமைஞ்சிட்டா?"

நான் திண்டாடிப் போனேன். "வேற எடமா? தை மாசம் முகூர்த்தம் வைக்கணும், அதக் கேக்கத்தான் வந்தேன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு மிளகாய்க் கையை முகத்துக்குக் கொண்டுபோய், எரிச்சலில் உடனே எடுத்தாள். "எய்யா, அவன் உங்ககிட்டச் சொல்லலயா?"

"என்னத்த?"

"அவனுக்குக் கல்யாணத்துல இஷ்டமில்லன்னு போறதுக்கு ஒரு மாசம் முந்தியே எங்கிட்டச் சொன்னான். பம்பாய்க்குப் போனா அப்பிடியே வெளிநாட்டுக் கப்பல்ல மெக்கானிக்கா ஏறலாமாம். கால்ல கட்டு இருந்தா ஆவாதாம். நான் தலையில அடிச்சுக்கிட்டேன். மொதல்ல அந்தப் பையன்கிட்டப் போயிச் சொல்லுன்னேன். சொல்லாமப் போனா சோறு போட மாட்டேன்னேன். சொல்லிட்டுத்தான் போவேன்னு சத்தியம் பண்ணுனான். போன எடத்துலேர்ந்து எழுதியிருந்தான், சொல்லியாச்சுன்னு."

"எப்ப சொன்னானாம்?"

"ரயிலடியில வச்சு. மச்சான்கிட்டச் சொல்லிட்டேன், மச்சான் சிரிச்சுக்கிட்டே அனுப்பி வச்சான்னு எழுதியிருந்தான். அதுவும் இங்கிலீஷ்ல சொன்னேன்னு. நான் நினைச்சேன், படிச்ச பிள்ளைய, ரெண்டு பேரும் இங்கிலீஷ்லயே பேசித் தீத்துக்கிட்டியன்னு."

மக்களே, இந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் மறுபடி எடுத்திருக்கிறேன்.

அவன் அம்மாவை நான் குற்றம் சொல்லவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மிளகாய்க் காரம் என் கையிலும் ஏறிக்கொண்டது. ஒரு வாய் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வெளியே வந்தேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பெல்ட் சொல்லிக் கொடுத்தான். ஜிப் சொன்னான், நிப் சொன்னான், லெக் சொன்னான். போல்ட்டை மட்டும் சொல்லித் தரவில்லை. ஒர்க்‌ஷாப்பில் எங்கே திரும்பினாலும் கண்ணில் படுவது போல்ட்தான். தட்டில் போல்ட், டப்பாவில் போல்ட், பையில் போல்ட். அதைக் கையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே நான் கேட்டேன், கம்பி நீட்டுவதற்கு இங்கிலீஷில் என்ன என்று. "ஒரு நல்ல சொல்லு இருக்குல. இரு, சொல்லுதேன்" என்றான். சொல்லிவிட்டான். சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டான்.

எங்களை விட்டுப் போனதைக்கூட நான் எப்படியோ விழுங்கியிருப்பேன். கல்யாணம் வேண்டாம் என்று நல்ல தமிழில், ஒர்க்‌ஷாப்பில் வைத்துச் சொல்லியிருந்தால் இரண்டு அடி அடித்திருப்பேன். கொஞ்ச நாள் பேசாமல் இருந்திருப்பேன். பிறகு நானே அவனுக்கு டீ சொல்லியிருப்பேன். ஆனால் அவன் தன் அம்மாவுக்குக் கொடுத்த சத்தியத்தையும் காப்பாற்ற வேண்டும், என் முகத்தையும் பார்க்கக் கூடாது. அதற்கு வழியாக என் தெரியாமையை எடுத்துக்கொண்டான். எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று இந்த உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் அளவாகத் தெரியும். ஒவ்வொரு டீ வேளையிலும், அது என்ன இது என்ன என்று கேட்டுக் கேட்டு நானேதான் அதைக் காட்டிக்கொண்டிருந்தேன். நம்பிக் காட்டிய இடத்தில் குத்தினான். துரோகம் என்றால் வேறு என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

போல்ட் என்று சொல்லிச் சொல்லி ஊர் முழுக்க அவனுக்காக ஜாமீன் நின்றேனே, அதை நினைக்கும்போதுதான் இன்னும் உடம்பு கூசுகிறது. நான் தண்டோரா போட்டது முழுவதும், "அவன் ஓடிவிட்டான், அவன் ஓடிவிட்டான்" என்பதைத்தான். இங்கிலீஷ் தெரிந்த யாராவது ஒருவர் அதைக் கேட்டு, பாவம் என்று நினைத்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்தேன். அத்தை வாசலில் நின்றாள். நான் செருப்பைக் கழற்றவில்லை.

"ரெண்டாவது அர்த்தமா?" என்றாள்.

தலையை அசைத்தேன்.

"சரி" என்றாள். தீபாவளி சமயத்தில் சொன்ன அதே சொல். உள்ளே போய் எனக்குச் சோறு போட்டாள். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது. மறுநாள் வழக்கம்போல டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போனாள். தெருவில் இரண்டு பேர் நிறுத்தி விசாரித்தார்களாம். "நேரமாச்சு அக்கா, போயிட்டு வந்து சொல்லுதேன்" என்று நடந்துவிட்டாளாம். அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் கேள்வியை நான் கொண்டுவரவில்லை. புளியங்குடிப் பையனுக்கு அதற்குள் வேறு இடத்தில் முடிந்துவிட்டது. அவள் தேர்வெல்லாம் எழுதி முடித்து, தென்காசியில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாகப் போய், அங்கே வைத்து உங்கள் மாமாவைப் பார்த்துக் கட்டிக்கொள்வதற்கு வருஷங்கள் ஆயின. அவள் வேகமாக டைப் அடிக்கும்போது நீங்கள் கை தட்டுவீர்கள் அல்லவா, அந்த வேகம் அந்தக் கார்த்திகையில் வந்ததுதான். அப்போது அவள் வேறு எங்கேயும் பார்க்கவில்லை.

அவன் திரும்பி வரவில்லை. கப்பலில் ஏறினான் என்று ஒரு பேச்சு, ஏறவில்லை என்று ஒரு பேச்சு. கொஞ்ச நாளில் அவன் அம்மாவும் மகள் வீட்டோடு போய்விட்டாள். நான் விசாரிப்பதை விட்டுவிட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். உங்களில் யாராவது எப்போதாவது ஒருவரை விட்டுப் போக நேர்ந்தால், அவருக்குத் தெரிந்த பாஷையில் சொல்லிவிட்டுப் போங்கள்.

கரிவலத்திலிருந்து வந்த மறுநாள் காலையில், முதலாளி வருமுன்னே போய் ஒர்க்‌ஷாப்பைத் திறந்தேன். சட்டையை ஆணியில் மாட்டினேன். மேலே பலகையிலிருந்து அந்தப் போல்ட்டை எடுத்தேன். தூசி படிந்திருந்ததே தவிர, பளபளப்பு அப்படியே இருந்தது. கையால் திருப்பிப் பார்த்தேன், நட்டு அசையவில்லை. வைஸ் இடுக்கியில் மாட்டாமல், இரண்டு ஸ்பானர் போட்டு, ஒன்றால் பிடித்து மற்றதால் திருப்பினேன். அப்படியும் சாமானியத்தில் கழலவில்லை. மண்ணெண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் வைத்திருந்து, பல்லைக் கடித்துத் திருப்ப வேண்டியிருந்தது. இறுக்கமாகத்தான் முடுக்கியிருந்தான்.

கழன்றதும் இரண்டையும் கழிவு ஆயிலில் முக்கினேன், பளபளப்புத் தெரியக் கூடாது என்று. போல்ட்டைப் போல்ட் டப்பாவில் போட்டேன். நட்டை நட்டு டப்பாவில் போட்டேன். பிறகு, எது அது என்று எனக்கே அடையாளம் தெரியாதபடி, இரண்டு டப்பாவையும் நன்றாகக் குலுக்கி வைத்தேன்.